குசினிப் பக்கம்: பனிக்காலத்துக்குத் தக்காளி



போன கிழமை ஒரு தங்கை தொலைபேசியில் கதைத்தார். ஸ்காபரோவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். இரண்டு சின்னப் பிள்ளைகள். வாடகை கட்டியபின் கையில் மிஞ்சுவது கொஞ்சம். "அக்கா, கடையில பெரிய கூடைத் தக்காளி மலிவாப் போட்டிருக்கினம். ரெண்டு கூடை வாங்கி, வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை எல்லாம் போட்டு எண்ணெயில நல்லா வதக்கி, குழம்பாக் காய்ச்சிப் போத்தல்ல அடைச்சு வைச்சால் பனிக்காலம் முழுக்கப் பாவிக்கலாம்தானே?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தாரே, அதுவே பெரிய காரியம். நான் கேட்காமல் செய்தவள். ஆகையால் இம்முறை குசினிப் பக்கம் முழுவதும் அந்தத் தங்கைக்கான பதில்தான். அவரைப் போல இந்த வருடம் வந்து குடியேறிய எல்லோருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில், இப்போது ஏன் வாங்கவேண்டும் என்பதைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் தோட்டத் தக்காளி ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில்தான் குவியும். தெற்கே லெமிங்டன் பக்கம் தக்காளிக்குப் பேர்போன இடம். நயாகராப் பக்கத்துப் பீச் பழம் ஜூலைக் கடைசியில் தொடங்கிச் செப்டெம்பர் நடுப்பகுதியோடு முடிந்துவிடும். போஞ்சி, கத்தரிக்காய், குடைமிளகாய், பச்சை மிளகாய் எல்லாம் இதே காலத்தில்தான். ஒக்டோபரில் உறைபனி விழுந்தால் தோட்டம் கருகிவிடும். அதற்குப் பிறகு கடையில் கிடைப்பது தூரத்திலிருந்து வரும் தக்காளி. விலையும் கூட, புளிப்பும் இல்லை. எனவே இந்த ஆறேழு கிழமைகளைத் தவறவிடாதீர்கள். உழவர் சந்தைகளில் பின்னேரம் கடை கட்டும் நேரத்தில் போனால் விலை குறைத்துக் கொடுப்பார்கள். நாங்களே பறித்து நிறுத்து வாங்கும் தோட்டங்களும் நகரத்துக்கு வெளியே உண்டு. கார் உள்ள குடும்பத்தோடு சேர்ந்து போய்வாருங்கள்.

இனி என் கதை.

நாங்கள் இங்கு வந்தது 1991இல். ஒரு பேஸ்மன்டில் குடியிருந்தோம். அகதி வழக்கு முடியவில்லை. அடுத்த வருடம் செப்டெம்பரில், பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மாவின் கராஜ் முழுவதும் தக்காளிக் கூடைகள். அவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் கூடி நின்று தோலுரித்தார்கள், பிழிந்தார்கள், போத்தலில் அடைத்தார்கள். எனக்கு ஊரில் ஒடியல் கிழிக்கும் நாள்தான் ஞாபகம் வந்தது. நானும் இரண்டு கூடை வாங்கினேன். "வழக்கு என்ன ஆகுமெண்டு தெரியாது. பனிக்காலத்துக்கு இந்த வீட்டில இருப்பமோ எண்டும் தெரியாது. உமக்கேன் இந்த வேலை?" என்று இவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வெங்காயம், உள்ளி, போஞ்சி, எண்ணெய் எல்லாம் போட்டுக் காய்ச்சி, பழைய ஜாம் போத்தல்களைக் கழுவி, 28 போத்தல் அடைத்து அலுமாரிக்குக் கீழே அடுக்கினேன். அன்றிரவு நல்ல நித்திரை வந்தது.

மார்கழி மாதம் ஒரு போத்தலை எடுத்தபோது மூடி மேலே வீங்கியிருந்தது. திறந்தபோது உஸ் என்று காற்று வந்தது. மணம் பெரிதாக மாறவில்லை. "நல்லாத்தானே கிடக்கு, இன்னொருக்காக் கொதிக்க வைச்சால் சரி" என்றார் இவர். சட்டியை அடுப்பில் வைக்கப்போன நேரம், கோப்பை ஒன்றைத் திருப்பித் தர இத்தாலிய அம்மா வந்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு இருபது ஆங்கிலச் சொற்கள்தான். வீங்கிய மூடியைக் கண்டதும் "நோ, நோ" என்று போத்தலை என் கையிலிருந்து பிடுங்கினார். பிள்ளைகளைக் காட்டினார். பிறகு தன் கண்ணைக் காட்டி, தொண்டையைப் பிடித்து, மூச்சு நிற்பதுபோல் நடித்துக் காட்டினார். 28 போத்தலும் குப்பைக்குப் போயின. அந்தக் காசை நினைத்து நான் அழுதேன். மறுநாள் அவர் தன்னுடைய போத்தல்களில் ஆறைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் நடித்துக் காட்டிய நோயின் பெயர் பொட்டுலிசம் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இதைப் பற்றி நாங்கள் ஊரில் அதிகம் கேள்விப்படவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அந்தக் காரணத்தை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் இலகு.

எங்கள் அம்மாமார் எப்படிப் பதனிட்டார்கள்? புழுக்கொடியல், வத்தல், மோர்மிளகாய் எல்லாம் வெயிலில் நீர் வற்றக் காயவைத்தவை. நீர் இல்லாத இடத்தில் கிருமி வளராது. தேசிக்காய் ஊறுகாய் கடும் புளிப்பும் கடும் உப்பும். அங்கேயும் வளராது. அவர்கள் எவரும் ஈரமான குழம்பை, புளிப்புக் குறைவாக, காற்றுப் புகாத போத்தலில் மாதக்கணக்கில் அடைத்து வைக்கவில்லை. நான் செய்தது அதைத்தான்.

பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் மண்ணில் இருக்கின்றன. உள்ளியிலும் வெங்காயத்திலும் போஞ்சியிலும் மண்ணோடு வரும். காற்று உள்ள இடத்தில் அவை சும்மா கிடக்கும். காற்று இல்லாமல், ஈரமாக, புளிப்புக் குறைந்து, அறைச் சூட்டில் இருந்தால் முளைத்து நஞ்சு கக்கும். 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் அந்த வித்துகளைக் கொல்லாது. அதற்கு 121 பாகை அளவு சூடு, அதற்கென்றே செய்த பெரிய அழுத்தப் பாத்திரத்தில், குறித்த நேரம் வேண்டும். நாங்கள் பருப்பு அவிக்கும் பிரஷர் குக்கர் அந்த வேலைக்குப் போதாது. இந்த நஞ்சு உள்ள சாப்பாடு சில வேளை வீங்கியும் நாறியும் இருக்கும், சில வேளை பார்வைக்கும் மணத்துக்கும் நல்லதாகவே இருக்கும். ஆகவே ருசி பார்த்துத் தீர்மானிப்பது கூடவே கூடாது.

எண்ணெய் ஊற்றி மூடினால் பழுதாகாது என்பதும் இங்கே பிழைக்கும். 1985இல் வன்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. காரணம், குளிரில் வைக்கவேண்டிய எண்ணெயில் ஊறிய உள்ளியை வெளியே வைத்திருந்ததுதான். எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. அதுவே அந்தக் கிருமிக்கு வசதி. எனவே வீட்டில் எண்ணெயில் போட்ட உள்ளியை பிறிட்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் முடியுங்கள். இரத்த அழுத்தத்துக்காக ஊறுகாயில் உப்பைக் குறைப்பவர்களும் அதை பிறிட்ஜிலேயே வையுங்கள். அம்மாவின் சாடியைக் காத்தது அந்த உப்பும் புளிப்பும்தான்.

தக்காளி புளிப்புக்கும் புளிப்பில்லாததற்கும் நடுவிலே நிற்பது. சில இனங்களில் புளிப்புக் குறைவு. அதனால் போத்தலில் அடைக்கும்போது எலுமிச்சைச் சாறு சேர்த்தே ஆகவேண்டும். வெங்காயம், உள்ளி, எண்ணெய், கறிவேப்பிலை எதுவும் போத்தலுக்குள் போகக்கூடாது. தாளிதத்தைச் சமைக்கிற நாளுக்கு வையுங்கள். தைமாதப் பனியில் போத்தலைத் திறந்து, கடுகும் வெந்தயமும் வெடிக்கவிட்டு ஊற்றினால் அன்று காய்ச்சிய குழம்பின் மணம் வரும்.

தக்காளிப் போத்தல்

தேவையானவை: நன்கு பழுத்த, அடிபடாத தக்காளி ஆறரைக் கிலோ. 500 மில்லிலீற்றர் மேசன் போத்தல் 9. புதிய மூடிகள் 9. கடையில் போத்தலில் விற்கும் எலுமிச்சைச் சாறு. விரும்பினால் உப்பு.

மேசன் போத்தல்கள் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். பழைய சாமான் விற்பனையிலும் வாங்கலாம். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சிறு உடைவு இருந்தாலும் வேண்டாம். திருகுவளையத்தைத் திரும்பப் பாவிக்கலாம், தட்டை மூடி ஒரு முறைக்குத்தான். ஜாம் போத்தல்கள் இதற்கு உதவாது. சாற்றுக்குப் புதுத் தேசிக்காய் பிழியலாமா என்று கேட்பீர்கள். அதன் புளிப்பு காய்க்குக் காய் மாறும். கடைச் சாறு எப்போதும் ஒரே அளவு. இந்த ஒரு காரியத்துக்கு அதுவே நல்லது.

செய்முறை: போத்தல்களைக் கழுவி வெந்நீரில் சூடாக வைத்திருங்கள். தக்காளியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துப் பச்சைத் தண்ணீரில் இட்டால் தோல் கழன்றுவிடும். காம்புப் பகுதியை நீக்கி நாலாக வெட்டுங்கள். ஆறில் ஒரு பங்கை முதலில் பாத்திரத்தில் போட்டு நசித்துக் கொதிக்கவிட்டு, மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுங்கள். எல்லாம் போட்டபின் 5 நிமிடம் மெதுவாகக் கொதிக்கட்டும்.

ஒவ்வொரு போத்தலிலும் முதலில் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, விரும்பினால் அரைத் தேக்கரண்டி உப்பு. பிறகு கொதிக்கக் கொதிக்கத் தக்காளியை ஊற்றுங்கள். மேலே அரை அங்குலம் இடம் விடுங்கள். காற்றுக் குமிழ்களைக் கரண்டிக் காம்பால் வெளியேற்றி, விளிம்பைச் சுத்தத் துணியால் துடைத்து, மூடியை வைத்து வளையத்தை விரல் பலத்தில் மட்டும் திருகுங்கள்.

பெரிய பாத்திரத்தின் அடியில் ஒரு கம்பித் தட்டு வைத்து, அதன்மேல் போத்தல்களை அடுக்கி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க வையுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து 35 நிமிடம் விடாமல் கொதிக்கட்டும். 1 லீற்றர் போத்தல் என்றால் சாறு 2 மேசைக்கரண்டி, நேரம் 45 நிமிடம். ரொறன்ரோவுக்கு இந்த நேரம் சரி. கல்கரி போன்ற உயரமான ஊர்களில் இருப்பவர்கள் 10 நிமிடம் கூட்டவேண்டும். கண்ணாடி மேற்பரப்புள்ள மின்னடுப்பு என்றால், இவ்வளவு பாரம் தாங்குமா என்று அடுப்போடு வந்த புத்தகத்தில் முதலில் பாருங்கள்.

அடுப்பை அணைத்து 5 நிமிடம் கழித்து எடுத்து, துணியின்மேல் இடைவெளி விட்டு வையுங்கள். ஒரு நாள் தொடாதீர்கள். 'டிங்' என்று மூடிகள் உள்வாங்கும் சத்தம் கேட்கும். மறுநாள் மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் அடைபடவில்லை. அதை பிறிட்ஜில் வைத்து அந்தக் கிழமைக்குள் சமைத்துவிடுங்கள். மற்றவற்றின் வளையத்தைக் கழற்றி, திகதி எழுதி ஒட்டி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். ஒரு வருடத்துக்குள் முடிப்பது நல்லது.

பிறீசர் உள்ளவர்களுக்கு

இவ்வளவு வேலைக்கு நேரமில்லை, தொடர்மாடியில் இடமில்லை என்பவர்கள் மனம் தளரவேண்டாம். தக்காளியைக் கழுவித் துடைத்து முழுதாகவே பையில் போட்டு பிறீசரில் வையுங்கள். எடுத்துக் குழாய்த் தண்ணீரில் பிடித்தால் தோல் தானாகக் கழரும். குழம்புக்கு மிக நன்று. தொலைபேசித் தங்கையே, நீங்கள் கேட்ட வெங்காயம், உள்ளி போட்ட குழம்பையும் இப்படி வைக்கலாம். காய்ச்சி, தட்டையான பாத்திரங்களில் ஊற்றி விரைவாக ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிறிட்ஜிலும் பிறகு பிறீசரிலும் வையுங்கள். மூன்று நாலு மாதம் ருசி மாறாது. உறைந்த குளிரில் அந்தக் கிருமி முளைக்காது.

போஞ்சியை வெட்டிக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் இட்டு, வடித்துப் பையில் கட்டுங்கள். பச்சை மிளகாய்க்கு அதுவும் தேவையில்லை. கழுவி ஈரம் போகத் துடைத்து அப்படியே வைக்கலாம். கறிவேப்பிலையும் அப்படித்தான்.

தக்காளிக்காய் அச்சாறு

உறைபனிக்கு முதல் செடியில் மிஞ்சும் பச்சைக் காய்களை எறியாதீர்கள். தக்காளிக்காய் 1 கிலோ, பச்சை மிளகாய் 15, இஞ்சி 50 கிராம், உள்ளி 50 கிராம், கடுகு 1 மேசைக்கரண்டி, மஞ்சள் 1 தேக்கரண்டி, உப்பு 2 மேசைக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, 5 வீத வினாகிரி 3 கப். கடுகு, இஞ்சி, உள்ளியைக் கொஞ்ச வினாகிரி விட்டு அரையுங்கள். மிகுதி வினாகிரியை உப்பு, சீனி, மஞ்சளோடு கொதிக்கவிட்டு, வெட்டிய காயையும் கீறிய மிளகாயையும் 3 நிமிடம் போட்டு, அரைத்த கூட்டைச் சேர்த்துக் கொதிவந்ததும் இறக்குங்கள். ஆறியதும் போத்தலில் இட்டு பிறிட்ஜில் வைத்தால் மூன்றாம் நாள் சாப்பிடலாம். ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். இது பிறிட்ஜுக்கான அச்சாறு, அலுமாரிக்கு அல்ல.

பீச் பழத்தில் பினாட்டு

ஊரில் இதே மாதங்களில்தான் பனங்காய் விழும். அம்மா பனங்களியைப் பாயில் பூசி, வெயிலில் காயவிட்டு, மேலே மேலே பூசிப் பினாட்டு எடுப்பார். இங்குள்ள செப்டெம்பர் வெயிலும் இரவுப் பனியும் அதற்கு ஒத்துவராது. பூஞ்சணம் பிடித்துவிடும். உணவு உலர்த்தும் மின்கருவி இருந்தால் வழி உண்டு. பீச் பழத்தின் தோலை, தக்காளிக்குச் சொன்னபடியே கழற்றி, கொட்டை நீக்கி மசியுங்கள். 2 கப் கூழுக்கு 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எண்ணெய்த்தாள் போட்ட தட்டில் மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் பரப்பி, 60 பாகை செல்சியஸில் 6 முதல் 8 மணித்தியாலம் காயவிடுங்கள். நடுவில் தொட்டால் விரல் பதியக்கூடாது. சுருட்டி வெட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குக் கொடுக்கலாம். மோர்மிளகாயையும் இதே கருவியில் காயவைக்கிறேன். பனம்பினாட்டின் கசப்பு இதில் இல்லை. அந்தக் குறையை என்னால் தீர்க்க முடியாது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மாவும் நடந்தார். பிறகு வந்த கடிதத்தில், ஊறுகாய்ச் சாடியும் பினாட்டும் பரணிலேயே கிடக்கின்றன, ஒடியல் மா ஒரு பை மட்டும் கொண்டுவந்தேன் என்று எழுதியிருந்தார். வீடு போனதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தக் கடிதம் வந்தபோது என் அலுமாரியில் இத்தாலிய அம்மா பழக்கித்தந்த தக்காளிப் போத்தல்கள் இருந்தன. வருகிற பனிக்காலமும் இந்த வீட்டில்தான் என்ற நம்பிக்கை இருப்பவர்தான் போத்தல் அடைப்பார் என்று அன்றுதான் எனக்குப் பட்டது. 1992இல் அந்த நம்பிக்கை எனக்கு இருக்கவில்லை. இருந்தும் ஏனோ அடைத்தேன்.

கடைசியாகச் சில எச்சரிக்கைகள். மூடி வீங்கினால், கசிந்தால், திறக்கும்போது பீறினால் ருசி பார்க்காமல் எறியுங்கள். கையுறை போட்டு, பையில் கட்டி, பிள்ளைகளும் பிராணிகளும் எட்டாதபடி போடுங்கள். வீட்டில் அடைத்ததைச் சாப்பிட்ட எவருக்காவது பார்வை இரண்டாகத் தெரிந்தால், கண்ணிமை தொங்கினால், விழுங்கவோ பேசவோ கஷ்டப்பட்டால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம். 911ஐ அழையுங்கள். பொட்டுலிசம் என்ற சொல்லையும், போத்தல் சாப்பாடு சாப்பிட்டதையும் சொல்லுங்கள். ஆங்கிலம் போதாது என்று தயங்கவேண்டாம். அந்த ஒரு சொல் போதும்.

தங்கையே, இரண்டு கூடையும் வாங்குங்கள். ஒரு கூடையைக் குழம்பாக்கி பிறீசரில் வையுங்கள். மற்றதை ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பெரிய பாத்திரம் என்னிடம் இருக்கிறது. பிள்ளைகள் தோல் உரிக்கட்டும்.

அடுத்த இதழில் பூசணியோடு சந்திப்போம்.